பசுவின் இடது கொம்பு

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணிக்கு அப்பாவின் முதலாளி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. கட்டுரை எழுதும்போது ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் தாளின் ஓரத்தில் மணியைக் குறித்துவைப்பது என் பழக்கம். அன்றைய நான்காம் பத்திக்கு நேராக 3.15 என்று எழுதியிருக்கிறது. அந்தப் பத்தி இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டது.

அப்போது நான் ஆங்கில இலக்கிய முதுகலை இரண்டாம் ஆண்டில் இருந்தேன். பழங்கிரேக்கர்கள் அண்டத்தைப் பற்றிச் சொன்னதை ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தவர்கள் எப்படிப் படித்துக்கொண்டார்கள் என்பது என் கருத்தரங்கக் கட்டுரையின் பொருள். மறுநாள் ஒப்படைக்க வேண்டும். பொருளை நானே தேர்ந்தெடுத்திருந்தேன். அதில் எனக்குப் பிடித்தது வானமோ கோள்களோ அல்ல. யாரை நம்பலாம் என்ற கேள்விதான்.

கிரேக்க ஞானி ஒருவர் ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் உலகத்தின் தோற்றத்தை இப்படி விளக்கினார்: ஒரு கைவினைஞன் இருந்தான். என்றும் மாறாத முன்மாதிரி ஒன்றைப் பார்த்தான். ஒழுங்கின்றி அலைந்துகொண்டிருந்த பொருளை எடுத்து, அந்த முன்மாதிரியின் சாயலில் ஒரு கோளமாக உருவாக்கி, அதற்குள் உயிரையும் வைத்தான். ஆகவே அண்டம் முழுவதும் உயிருள்ள ஒரே உடல். அது ஒரு நகலும்கூட. மூலம் வேறெங்கோ இருக்கிறது. சூரியனும் சந்திரனும் கோள்களும் காலத்தை அளந்து காட்டுவதற்காகப் பின்னால் செய்யப்பட்டவை.

ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் கழித்து, பிளாரன்ஸ் நகரத்து அறிஞர் ஒருவர் இதையெல்லாம் லத்தீனில் பெயர்த்து உரையும் எழுதினார். அவருக்கு ஒரு சங்கடம். அவருடைய வேதத்தில் கடவுள் ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து உலகைப் படைத்தார். கிரேக்கரின் கைவினைஞனோ ஏற்கெனவே கிடந்த பொருளைத்தான் எடுத்து வனைந்தான். இரண்டும் ஒன்றோடொன்று முரண்படவில்லை என்று காட்ட அந்த அறிஞர் பாடுபட்டார். நல்ல உழைப்பு, அழகான உரை. எனக்கு அதில் ஒவ்வொரு வரியின் மேலும் சந்தேகம். இது ஞானி சொன்னதா, இவர் சொல்லவைத்ததா? நான்காம் பத்தியை அந்தக் கேள்வியோடு தொடங்கியிருந்தேன்.

"மேஸ்திரி இருக்காருங்களா?" என்றார் முதலாளி.

"வாங்க, வாங்க. ஞாயித்துக்கெழமகூட விட மாட்டீங்களா அவர?" என்று சிரித்துக்கொண்டே அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

அப்பா கொல்லையிலிருந்து வந்தார். முதலாளி சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை. கையிலிருந்த செய்தித்தாள் பொட்டலத்தை என் மேசைமேல், என் தாள்களின் மேலேயே வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு பீங்கான் பொம்மை. பசுவின்மேல் சாய்ந்து குழலூதும் கண்ணன்.

எங்கள் வீட்டு டி.வி. அலமாரியிலும் அதே கண்ணன் நின்றுகொண்டிருந்தான். அப்பா விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு பொம்மைக் கம்பெனியின் மோல்டு மேஸ்திரி. மோல்டு என்றால் பிளாஸ்டரில் செய்த அச்சு. அதற்குள் மண்கூழை ஊற்றி, உறைந்ததும் பிரித்தெடுத்து, காயவைத்துச் சூளையில் சுடுவார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அப்பா செய்த கண்ணன்தான் அந்தக் கம்பெனியை நிமிர்த்தியது என்று எஸ்டேட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஒவ்வோராண்டும் கொலுப் பருவத்தில் அதிகம் போவது அதுதான். அதற்கு ஓர் அடையாளமும் உண்டு: பசுவின் இடது கொம்பு பாதியில் மொட்டையாக முடியும். முட்டி விளையாடி உடைந்த கொம்பு என்று வாங்குகிறவர்கள் ரசிப்பார்கள். முதலாளி அந்தக் கொம்பைத் தன் விலைப்பட்டியலின் அட்டையில் பெரிதாக அச்சிட்டிருந்தார்.

"இதப் பாருங்க மேஸ்திரி. நேத்து மங்கலம்பேட்டையில ஒரு பாய் கடையில வாங்கினேன். கடைசித் தட்டுல தூசி புடிச்சி நிக்கிறான், நம்ம கண்ணன்."

அப்பா ஒருமுறை பார்த்தார். "நம்மது இல்லீங்க. இது பெருசா இருக்குது."

"பெருசா இருந்தா? அந்த இடுப்பு வளைவு யாரோடது? மாடு திரும்பிப் பாக்குதே, அந்தக் கழுத்து யாரோடது? எவனோ நம்ம மோல்ட வாங்கினு போயி, ஆள வெச்சிப் பெருசாக்கியிருக்கான். கொம்ப மட்டும் ரெண்டையும் முழுசா வெச்சிட்டான், அடையாளம் தெரியக் கூடாதுன்னு. திருட்டுப் பய, வெவரமானவன்."

"கடக்காரரு என்னா சொல்றாரு?" என்று அம்மா கேட்டாள்.

"அவரா? பதினஞ்சு வருஷமா வடக்கேருந்து அப்பப்ப வந்துக்கினு இருக்குதாம். விக்கிறவங்க என்னா வேணும்னாலும் சொல்லுவாங்க. மேஸ்திரி, மோல்டு ரூம் சாவி உங்ககிட்டதான் இருக்குது. பதினோரு வருஷமா உங்ககிட்ட மட்டுந்தான் இருக்குது."

"நான் யாருக்கும் குடுக்கலைங்க."

"குடுத்தீங்கன்னு நான் சொல்லல. யாரு குடுத்தாங்கன்னு நீங்க சொல்லுங்க. நாளைக்கிக் காலையில ஒம்போது மணி வரைக்கும் டைம். இல்லன்னா நான் வேற மேஸ்திரி பாத்துக்கறேன். ஸ்டேஷன்லயும் ஒரு வார்த்த சொல்லிவெப்பேன். தப்பா எடுத்துக்காதீங்க."

கையை நீட்டினார். அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். முதலாளி பொம்மையை எடுத்துக்கொள்ளவில்லை. "இங்கயே இருக்கட்டும். பாத்துக்கினு இருந்தீங்கன்னா ஞாபகம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் திரும்புகிற சத்தம் அடங்குவதற்குள் அம்மா தொடங்கிவிட்டாள். "எம்பொண்ணு மூஞ்சிய வித்துத்தான் இவரு மாடி மேல மாடி கட்டினாரு. இப்ப வூட்டு வாசல்ல வந்து திருடன்னு கேக்குறாரு! நீங்களும் சாவியத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கிறீங்களே, வாயில என்னா, பிளாஸ்டரா ஊத்தி வெச்சிருக்குது?"

எம்பொண்ணு மூஞ்சி என்றது என் முகத்தை. சூளையிலிருந்து வந்த முதல் கண்ணனை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எனக்குப் பத்து வயது. அந்தக் கன்னமும் மேலுதட்டின் சிறிய தூக்கலும் என்னுடையவை என்று அம்மா அன்றே கண்டுபிடித்தாள். அப்போதிருந்து உறவினர் திருமணங்களில் எனக்குப் பெயர் 'பொம்மைப் பொண்ணு'. யாராவது என் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. என்றாலும் அது பொய்யாக இருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. படித்த எல்லாவற்றையும் சந்தேகிக்கப் பழகிய நான் இதை மட்டும் விட்டுவைத்திருந்தேன்.

அன்று என் சந்தேகம் முதலில் அப்பாவின் மேல் விழுந்தது. அதை இங்கே மறைக்காமல் எழுதவேண்டும். அப்பா யார் வீட்டுக்குப் போனாலும் டீ டம்ளரைக்கூடக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பவர். அச்சு எங்கே பிரிந்தது என்று விரலால் தடவிச் சொல்வார். அப்படிப்பட்டவர் தன் வேலையைப் பறிக்க வந்த பொம்மையைக் கையில் எடுக்கவே இல்லை. ஒரு பார்வை, அவ்வளவுதான். முன்பே அறிந்த ஒன்றை மனிதர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். மோல்டை இவர் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். யாருக்கு, எதற்காக என்று அடுத்தடுத்துக் காரணங்களையும் கற்பித்துக்கொண்டேன்.

அம்மா பக்கத்து வீட்டில் முறையிடப் போனாள். அப்பா கொல்லையில் டி.வி.எஸ். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் அலமாரியிலிருந்து எங்கள் கண்ணனை எடுத்து மற்றவனுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். எஃகு அளவுகோலை எடுத்தேன். தலைக்குமேல் ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சமமாக வைத்து உயரத்தை அளந்தேன்.

கடைக்காரரின் கண்ணன் 254 மில்லிமீட்டர். எங்கள் கண்ணன் 229. குழல் அதில் 80, இதில் 72. பசுவின் நீளம் அதில் 150, இதில் 135. வலது காது, பீடத்தின் அகலம், பாதம் என்று பதினோரு இடங்களில் அளந்து தாளில் இரண்டு நிரல்களாக எழுதினேன். எல்லா இடங்களிலும் பத்துக்கு ஒன்பது.

எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அந்தக் கணக்கு தெரியும். மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். எங்கள் மண்ணில் பத்துக்கு ஒன்று போய்விடும். பத்தங்குல அச்சில் வார்த்தால் சுட்டுவரும் பொம்மை ஒன்பது அங்குலம். சுட்ட பொம்மை ஒன்றையே மாதிரியாக வைத்து அச்செடுத்தால் அந்த அச்சில் பிறப்பது மூலத்தைவிட ஒரு பங்கு சிறியதாகத்தான் இருக்கும். சிறியதிலிருந்து பெரியது பிறக்காது. முதலாளி சொன்னபடி ஒருவன் புதிதாகப் பெரிய உருவம் செய்திருந்தால் இடுப்பிலாவது காதிலாவது அவன் கை கொஞ்சம் பிசகியிருக்கும். பதினோரு இடங்களில் ஒரே விகிதம் கைக்கு வராது.

உடனே நம்பிவிடவில்லை. அளவுகோலைத் துடைத்துவிட்டு மீண்டும் அளந்தேன். பிறகு கொம்பைப் பார்த்தேன்.

பெரிய பொம்மையில் இரண்டு கொம்புகளும் முழுசு. எங்கள் பொம்மையின் மொட்டைக் கொம்பை இதுவரை ஆயிரம் முறை பார்த்திருப்பேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தது அன்றுதான். அதன் முனை வட்டமாக வனையப்பட்டிருக்கவில்லை. சரிவாக, ஓரத்தில் மெல்லிய விளிம்போடு இருந்தது. தவறி விழுந்த பீங்கான் அப்படித்தான் சிதறும். ஈர மண்ணை வெட்டினாலோ கிள்ளினாலோ அந்த விளிம்பு வராது. உடைந்த ஒரு பொம்மையை வைத்து அச்செடுத்திருக்கிறார்கள். அந்த உடைசல் ஒவ்வொரு பொம்மையிலும் வார்க்கப்பட்டு, மழமழவென்று மெருகேறி, கலைநயம் என்று பெயர் வாங்கிவிட்டது.

மோல்டு வெளியே போகவில்லை. பொம்மைதான் உள்ளே வந்திருக்கிறது.

அப்போது என் தாளில் எழுதிய மணி 4.50. அந்த நேரத்தில் எழுதிய பத்தி இப்போதும் என்னிடம் இருக்கிறது. அது பிளாரன்ஸ் அறிஞரின் இன்னொரு கதை. அவர் கிரேக்க ஞானியின் நூல்களை மொழிபெயர்க்கத் தொடங்கியிருந்தபோது கிழக்கிலிருந்து வேறொரு சுவடி வந்து சேர்ந்தது. எகிப்தின் ஆதி முனிவர் ஒருவர் எழுதியதாக அதன்மேல் பெயர். அதிலும் உலகம் உயிருள்ளது, வானம் ஆன்மாவால் இயங்குகிறது என்றெல்லாம் இருந்தது. புரவலரான வணிகர் வயதானவர். கிரேக்கரை ஓரமாக வைத்துவிட்டு முதலில் எகிப்தியரைப் பெயர்த்துத் தா என்றார். சாவதற்குமுன் ஆதி மூலத்தைப் படித்துவிட வேண்டுமென்ற ஆசை. கிரேக்க ஞானி அண்டத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் இந்த எகிப்து ஊற்றிலிருந்து இறங்கி வந்தது என்றே ஒன்றரை நூற்றாண்டு பெரும்பாலோர் நம்பினார்கள். பிறகு கிரேக்க மொழியில் ஆழ்ந்த ஒருவர் அந்தச் சுவடியை வரிவரியாகப் பார்த்தார். அதிலிருந்த சொற்களும் நடையும் கிரேக்க ஞானிக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவை. ஊற்று என்று கொண்டாடியது உண்மையில் கால்வாயின் கடைக்கோடி.

நம்பியவர்களும் சும்மா இருக்கவில்லை. எகிப்து மொழியிலிருந்து பிற்காலத்தவர் பெயர்த்திருப்பார்கள், அதனால்தான் சொற்கள் புதியவை என்று சமாதானம் சொன்னார்கள். அடையாளம் தெரியக் கூடாதென்று கொம்பை முழுசாக்கிவிட்டான் என்று முதலாளி சொன்னாரே, அந்த மாதிரி.

அவ்வளவு படித்தவர்கள் ஏன் சந்தேகப்படவில்லை என்று காலையில் ஏளனமாக ஒரு வாக்கியம் எழுதிவைத்திருந்தேன். அதைப் படித்தேன். பிறகு இரண்டு பொம்மைகளின் முகங்களையும் பார்த்தேன். கன்னம் அதே கன்னம், உதட்டின் தூக்கலும் அதே. பதினைந்து ஆண்டுகளாக வருகிறது என்று கடைக்காரர் சொன்னார். அப்படியானால் எனக்கு ஆறு வயதாக இருந்தபோதே என் பத்து வயது முகம் மங்கலம்பேட்டைக் கடைத்தட்டில் தூசிக்குள் நின்றிருக்கிறது. ஏளன வாக்கியத்தை அடித்தேன். அடித்த இடத்தில் எதை எழுதுவது என்று தெரியவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் கொல்லைக்குப் போனேன். அப்பா கழுவிய வண்டியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தப் பொம்மய அளந்தேன்."

துணி நின்றது. "எவ்ளோ வந்துச்சி?"

"பத்துக்கு ஒம்போது. எல்லா எடத்துலயும்."

"கொம்பப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் வண்டியின் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தார். "ஒன்ன இவ்ளோ படிக்க வெச்சது என் தப்புதான்" என்று சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"நானும் ஒரு கண்ணன் செஞ்சேன் பாப்பா. நெசமா என் கையால. பன்னெண்டு நாளு. அடி கனமாப் போயி, காயறப்ப இடுப்புல வெடிச்சிப் போச்சி. கொலுவுக்கு நாளு இல்ல. மொதலாளி தெனம் வந்து கேக்குறாரு. ஜங்ஷன்ல பார்சல் எறக்குற எடத்துல ஒடஞ்ச பெட்டி ஒண்ணு குப்பையில கெடந்துச்சி. வடக்கேருந்து வந்தது. அதுல ஒரே ஒரு பொம்மதான் தேறுச்சி. கொம்பு மட்டும் போயிருந்துச்சி. ராவோட ராவா மோல்டு எடுத்துட்டு, அத நொறுக்கி சூளைக்குப் பின்னாடி போட்டுட்டேன்."

"கொம்ப ஏன் சரி பண்ணல?"

"நேரம் இல்ல. அப்புறம் அதத்தான் எல்லாரும் நல்லா இருக்குதுன்னு சொன்னாங்க."

அடுத்துக் கேட்கவேண்டியதைக் கேட்டேன். "அந்த மொகம்?"

"நான் எப்ப சொன்னேன், ஒன் மொகம்னு? யோசிச்சிப் பாரு. ஒரு வாட்டி சொல்லியிருப்பனா? மொத பொம்மய வூட்டுக்கு எடுத்தாந்தேன். ஒங்கம்மா அதக் கையில வாங்கிப் பாத்துட்டு, ஐயோ இது நம்ம பாப்பான்னு அழுதுட்டா. அவகிட்ட எப்புடிச் சொல்றது, குப்பையிலேருந்து எடுத்தேன்னு? இல்லன்னு சொல்லல. அவ்ளோதான் நான் செஞ்சது."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்ட அந்தக் கதையில் அப்பா பேசிய ஒரு வாக்கியமும் என் நினைவில் இல்லை. எல்லா வாக்கியங்களும் அம்மாவுடையவை, பிறகு உறவினருடையவை. அந்தச் சுவடிகூடத் தன்னை ஆதி மூலம் என்று எத்தனை இடத்தில் சொல்லிக்கொண்டதோ, படித்தவர்கள் எத்தனை இடத்தில் சேர்த்துக்கொண்டார்களோ என்று அந்த நேரத்திலும் தோன்றியது. என் மூளை அப்படி ஒதுங்கிக்கொண்டதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

"நாளைக்கி மொதலாளிகிட்ட இதச் சொல்லிடுங்கப்பா. நீங்க மோல்டு குடுக்கலைன்னு ஆயிடும்."

"ஆயிடும். அப்புறம்? மோல்ட வித்தவன்னா திருடன். காப்பி எடுத்தவன்னா வேல தெரியாதவன். இதுல எது மேலுன்னு நீயே சொல்லு. திருடன்னு சொன்னாக்கூட இந்த எஸ்டேட்ல இன்னொருத்தன் கூப்புட்டு வேல குடுப்பான். கை இல்லாத மேஸ்திரிய எவன் கூப்புடுவான்?"

"ஸ்டேஷன்ல சொல்லுவேன்னு சொல்றாரே."

"சும்மா மெரட்டுவாரு. ரெண்டு நாளு பேசாம இருந்தா அடங்கிடும்."

அடங்காது என்று எனக்குத் தோன்றியது. நான் வாதாடத் தெரிந்தவள் அல்ல. சொன்னது ஒரே வாக்கியம். "நீங்க சொல்லலன்னா நான் போயி சொல்லிடுவேனோன்னு எனக்கு பயமா இருக்குதுப்பா."

அவர் என்னைப் பார்த்தார். அது மிரட்டலா, மன்றாட்டா என்று எடைபோட்டார் என நினைக்கிறேன். அது எதுவென்று எனக்கும் தெரியாது. துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு அப்பா வண்டியைக் கிளப்பினார். "பாப்பா, பின்னாடி ஏறு. பொம்மய மடியில வெச்சிக்கோ. பையில மாட்டினா ஒடைஞ்சிடும்" என்றார். அம்மா பெரிய பொம்மையைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்தாள். "தெகிரியமாப் பேசுங்க. பயந்தீங்கன்னா குத்தம் நம்ம மேலதான்னு ஆயிடும்" என்று அப்பாவிடம் சொன்னாள். பெண்ணாடம் பக்கம் போகும் கரும்பு டிராக்டர் ஒன்று வழிநெடுக முன்னால் ஊர்ந்தது. அப்பா அதை முந்தவே இல்லை.

முதலாளி அறையில் இருந்தார். அப்பா எதையும் விளக்கவில்லை. "சாவியக் கொஞ்சம் குடுங்க, ஒண்ணு காட்டணும்" என்றார். மோல்டு அறைக்குள் மூவரும் போனோம். பிளாஸ்டர் மாவு படிந்து தரை, தட்டு, ஜன்னல் கம்பி எல்லாம் வெள்ளையாக இருந்தன. அப்பா கண்ணன் மோல்டை இறக்கி, முன்பாதியைப் பிரித்து எடுத்தார். துண்டிலிருந்த பெரிய பொம்மையை வாங்கி, மல்லாந்து கிடந்த பின்பாதிக் குழியில் வைத்தார்.

பொம்மை அசையாமல் உட்கார்ந்தது. இடுப்பு வளைவு, பசுவின் கழுத்து, பீடம் எல்லாம் குழியோடு ஒட்டிக்கொண்டன. சுற்றிலும் ஒரு தாள் நுழையும் இடைவெளிகூட இல்லை. எங்கள் சுட்ட கண்ணன் எதுவும் அந்தக் குழிக்குள் அப்படி உட்காராது, ஆடும். அப்பா முன்பாதியை அதன்மேல் மெதுவாக இறக்கினார். மோல்டு மூடியது, இடது கொம்பின் பக்கம் மட்டும் விரல் பருமனுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது.

"அமுக்கினா ஒடைஞ்சிடுங்க" என்றார் அப்பா. "மோல்டு எடுத்தப்ப இங்க கொம்பு இல்ல."

முதலாளி குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார். நிமிர்ந்தார். அவருக்குப் புரிய எடுத்த நேரம் மிகக் குறைவு. வடக்கேயிருந்து வருகிறது என்று கடைக்காரர் சொன்னபோதே பாதி புரிந்திருக்குமோ என்று நான் இன்றுவரை சந்தேகிக்கிறேன்.

"கதவச் சாத்து" என்றார்.

அப்பா சாத்தினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. என் பொண்ணுக்கு. அவதான் அளந்து கண்டுபுடிச்சா."

என் பக்கம் திரும்பினார். "நீ என்னாம்மா படிக்கிற?"

"இலக்கியங்க."

"அதுல இதெல்லாமா சொல்லித் தராங்க?"

"ஓரளவுக்குங்க."

அவர் சாவியை அப்பாவின் பக்கம் நீட்டினார். பேச்சு முடியும் முன்பே நீட்டிவிட்டார். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. "வடக்க இருக்கிறவன் கண்ணுல பட்டா நம்மகிட்டதான் வருவான். ஒண்ணு செய்யி. ரெண்டு கொம்புக் குழியையும் பிளாஸ்டர் வெச்சி அடச்சிடு. காதக் கொஞ்சம் பெருசாக் கொடஞ்சி உடு. கன்னுக்குட்டியா ஆயிடும். கண்ணனும் கன்னும், இந்த வருஷத்துப் புது மாடல். புரியுதா? போயி வேலையப் பாரு."

செய்யி, அடச்சிடு, பாரு. நேற்று எங்கள் வீட்டில் திருட்டுக் குற்றம் சுமத்தியபோதுகூட அவர் அப்பாவை மேஸ்திரி என்றும் நீங்க என்றும்தான் சொன்னார். திருடன் அல்ல என்று தெரிந்த பிறகு அது போய்விட்டது. அப்பா தலையாட்டினார். அவர் அதைக் கவனிக்காதவர்போல் பிளாஸ்டர் டப்பாவைத் தேடினார். கவனித்தார் என்பது அவர் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

"இரும்மா" என்று முதலாளி என்னை நிறுத்தினார். அவருடைய குரல் இனிமையாகியிருந்தது. "பெட்டி பிரிண்டுக்குப் போவுது. நீதான் இலக்கியமாச்சே. புது மாடலுக்கு ரெண்டு வரி எழுதிக் குடேன். பரம்பரைக் கலை, எங்க மேஸ்திரி மனசுல உதிச்ச உருவம், அந்த மாதிரி. ஒங்கப்பாவுக்கும் பெரும."

பேனாவும் வெள்ளை அட்டையும் கொடுத்தார். மோல்டு அறையின் மூலையில் அப்பா பிளாஸ்டரைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தார். கரண்டி டப்பாவில் படும் சத்தம் நின்றது. நான் என்ன எழுதப் போகிறேன் என்பதற்காக அவர் காத்திருந்தார்.

மறுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுத்தால் அந்த வரிகளை வேறு யாராவது எழுதுவார்கள். அப்பா மனதில் உதித்தது என்றே எழுதுவார்கள். இன்னும் சில ஆண்டுகள் போனால் அதுவும் எல்லோருக்கும் தெரிந்த உண்மையாகிவிடும். அட்டையைச் சுவரில் வைத்து எழுதினேன்.

கண்ணனும் கன்றும். உயரம்: ஒன்பது அங்குலம். செய்த இடம்: விருத்தாசலம்.

முதலாளி வாங்கிப் படித்தார். அட்டையைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தார். "இவ்ளோதானா? இதுக்கா எம்.ஏ. படிக்கிற?"

"இது சரியா இருக்குதுங்க" என்றேன்.

மூலையில் கரண்டிச் சத்தம் மறுபடி தொடங்கியது. அப்பாவிடம் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு, எஸ்டேட் வாசலில் கல்லூரிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன்.